லாஃப்ட்ல இருந்து இறங்கின கார்: 17 வருஷம் கழிச்சு மறுபடியும் ஆர்.சி. ரேஸிங்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம் இது. பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

நான் கொரட்டூர்ல என் வீட்டு ஹால்ல உக்காந்து பேசறேன். நடுவுல ட்ரெயின் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. அரக்கோணம் லைன் பக்கத்துலயே போகுது, அதை நிறுத்தச் சொல்ல முடியாது.

இன்னிக்குப் பேசப் போறது ரேடியோ கன்ட்ரோல் கார் பத்தி. சுருக்கமா ஆர்.சி. கார். கடையில வாங்கி, ரெண்டே நாள்ல குழந்தை உடைச்சுப் போடுதே, அந்த ரிமோட் கார் இல்லை. இது நிஜக் காரோட பத்துல ஒரு பங்கு அளவு. டப்பாவுக்குள்ள பாகம் பாகமா வரும். நாமதான் ஸ்க்ரூ போட்டு, கியருக்கு கிரீஸ் வெச்சு, பாடிக்குப் பெயின்ட் அடிச்சு கட்டணும். உடைஞ்சா அந்த ஒரு பாகத்தை மட்டும் மாத்தலாம். இதை வெச்சு உலகம் பூரா ரேஸ் நடக்குது, உலக சாம்பியன்ஷிப்பே இருக்கு. ஜப்பான்ல மசாமி ஹிரோசகான்னு ஒருத்தர், 1987ல டீன் ஏஜ் பையனா முதல் உலகப் பட்டம் ஜெயிச்சார். மொத்தம் 14 பட்டம்.

நான் பட்டம் எதுவும் ஜெயிக்கலை. 2003ல ஆரம்பிச்சேன், 2007ல நிறுத்தினேன், 2024ல திரும்ப வந்தேன். நடுவுல 17 வருஷம். ஏன் நிறுத்தினேன்னு கேக்கறவங்ககிட்ட "கல்யாணம், வேலை, குழந்தை"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அது பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா உண்மைக் காரணம் அது இல்லை.

எப்படி ஆரம்பிச்சது

எங்க அப்பாவுக்குப் பாடியில கம்பெனி வேலை. சின்ன வயசுல சைக்கிள்ல சோழவரம் போய், ஏரோபிளேன் இறங்கற ஓடுபாதையில நடந்த கார் ரேஸ் பார்த்தவர். இருங்காட்டுக்கோட்டையில 1990ல டிராக் வந்த பிறகும் அவருக்கு ரேஸ்னா சோழவரம்தான். அந்தக் கதை கேட்டே நான் வளர்ந்தேன்.

சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்தார். 2003ல லீவுக்கு வந்தப்போ ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டு வந்தார். டாமியா டி.எல்.01. டாமியா ஜப்பான்ல ஷிசுவோகா ஊர்க் கம்பெனி. அவங்க முதல் ஆர்.சி. கார் 1976ல வந்த போர்ஷே 934. அந்த மாடல் பண்றதுக்காக அந்தக் கம்பெனியோட ஷுன்சாகு டாமியா ஒரு நிஜ போர்ஷே 911 வாங்கி, அதைக் கழட்டிப் பார்த்தாராம். டூல் ரூம்ல வேலை செய்யற எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். கழட்டிப் பார்க்காம ஒரு விஷயம் புரியாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேற விதமா வரும்.

அந்தக் காரை நான் தனியாக் கட்டலை. கூட ஒரு நண்பன். பேர் சொல்லலை. இதைப் பேசலாமான்னு கேட்டேன், "பேசு, என் பேர் மட்டும் வேணாம்"னான். அம்பத்தூர் ஐ.டி.ஐ.ல ஒரே பெஞ்ச். வேலைக்கும் எஸ்டேட்ல பக்கத்துப் பக்கத்துக் கம்பெனி. என் கார் வந்த ஆறாவது மாசம் அவனும் சீட்டுக் காசு எடுத்து, தெரிஞ்சவங்க மூலமா ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வரவழைச்சான்.

ஓட்டற இடம் அம்பத்தூர் எஸ்டேட். வாரத்துல ஆறு நாள் லாரியும் கம்பெனி பஸ்ஸும் முட்டிக்கிற ரோடு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் காலியாக் கிடக்கும். சாக்பீஸ்ல கோடு போட்டு, செங்கல்லுக்குப் பதிலா பழைய செருப்பு வெச்சு வளைவு பண்ணுவோம். செங்கல்ல இடிச்சா கார் உடையும், செருப்புன்னா செருப்பு பறக்கும், அவ்வளவுதான். பேட்டரி ஒரு தடவை சார்ஜ் பண்ணா பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடும். அதுக்கப்புறம் டீக்கடை.

ரிப்பன் கலர்

அந்தக் காலத்து ரேடியோ எப்படி வேலை செஞ்சதுன்னு கொஞ்சம் சொல்லணும். இல்லேன்னா கதை புரியாது.

இப்போ வர்ற ரிமோட் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அது தானாவே அடுத்தவங்க சிக்னல்ல இருந்து விலகிக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்துல ஓட்டலாம், யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லை. எங்க ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில கார்களுக்கு ஆறே சேனல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர்: பிரவுன், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். எந்தச் சேனல்ங்கறதை முடிவு பண்றது கிரிஸ்டல். சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சின்னத் தகர டப்பா, ரெண்டு கால் இருக்கும். ரிமோட்ல ஒண்ணு, கார்ல இருக்கற ரிசீவர்ல ஒண்ணு. ரெண்டும் ஜோடியா மாத்தணும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ரிமோட் கிரிஸ்டலும் ரிசீவர் கிரிஸ்டலும் வேற வேற.

இதுல சிக்கல் என்னன்னா, ஒரே கலர்ல ரெண்டு பேர் ரிமோட்டை ஆன் பண்ணா கார் யார் பேச்சையும் கேக்காது. முழு வேகத்துல எங்கேயாவது போகும். அதனால வெளிநாட்டுக் கிளப்கள்ல ஒரு பலகை வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு துணி கிளிப். அந்தக் கிளிப் உங்க கையில இருந்தாத்தான் ரிமோட்டை ஆன் பண்ணலாம். நாங்க ரெண்டே பேர், எங்களுக்குப் பலகை எதுக்கு? ஆன்டெனா நுனியில ரிப்பன் கட்டினோம். எனக்கு மஞ்சள், அவனுக்குச் சிவப்பு. ஆன் பண்றதுக்கு முன்னாடி "போடவா?"ன்னு கேக்கணும். "போடு"ன்னு பதில் வரணும். அதான் சட்டம்.

2007, ஒரு ஞாயித்துக்கிழமை. என் கார் நேர் ரோட்ல முழு வேகத்துல போகுது. அவன் "போடவா?"ன்னான். நான் "போடு"ன்னேன். அவன் ஆன் பண்ணான். என் கார் ஒரு உதறு உதறிச்சு. ஸ்டியரிங் தானாத் திரும்புது, நான் பிரேக் பிடிக்கிறேன், பிடிக்கலை. ஓரமா நிறுத்தியிருந்த டிரெய்லர் லாரியோட பின் டயர்ல நேராப் போய் மோதிச்சு. முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் ரெண்டும் உடைஞ்சது, பம்பர் காலி, பாடி ரெண்டாப் பொளந்துடுச்சு.

நான் கத்தினேன். "மஞ்சளைப் போட்டு வெச்சிருக்கியேடா!"

அவன், "சிவப்புதான்டா போட்டிருக்கேன்"னு ரிமோட் பின்னாடி மூடியைத் திறந்து கிரிஸ்டலை உருவிக் காட்டினான். சிவப்புதான். நான் நம்பலை. இப்போதான் மாத்தியிருப்பேன்னு சொன்னேன். அதுக்கு அவன் ஒண்ணே ஒண்ணு சொன்னான்: "உன்னுதை ஒரு தடவை திறந்து பாரு."

நான் ஆன்டெனா நுனியைக் காட்டினேன். மஞ்சள் ரிப்பன். "இதுக்கு மேல என்னடா பார்க்கணும்?"

திறக்கலை. அன்னிக்கு ராத்திரி கார், ரிமோட், சார்ஜர் எல்லாத்தையும் அதே அட்டைப்பெட்டியில போட்டு, டேப் ஒட்டி, லாஃப்ட்ல ஏத்திட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா இதை ஒரு எபிசோடாப் பேச வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சமயத்துல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன லேத் பட்டறை போடறதாப் பேசி வெச்சிருந்தோம். எஸ்டேட்டுக்குள்ள ஒரு ஷெட். அட்வான்ஸ் 30,000 ரூபாய், ஆளுக்குப் பாதி. அவன் தன் பங்கு 15,000 ரூபாயை முன்கூட்டியே கொடுத்துட்டான். நான் அந்த வாரம் கொடுக்கணும். கொடுக்கலை. "இவ்வளவு சின்ன விஷயத்துல பொய் சொல்றவன்கூட எப்படித் தொழில் பண்றது?"ன்னு எங்க அப்பாகிட்ட சொன்னேன். அப்பாவும் சரின்னுட்டார். ஷெட் கைமாறிப் போச்சு, அவன் கொடுத்த அட்வான்ஸும் போச்சு. நான் கம்பெனி வேலையிலேயே இருந்துட்டேன். அவன் ஆவடிப் பக்கம் போய்ட்டான்.

திரும்பத் திறந்தது

2015 டிசம்பர் வெள்ளத்துல ஏரித் தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்தது. கீழ் வீடு, முழங்கால் அளவு தண்ணி. பீரோ, மெத்தை, பொண்ணோட புஸ்தகம் எல்லாம் போச்சு. லாஃப்ட்ல இருந்தது மட்டும் பத்திரம். அந்தப் பெட்டியை அப்போ பார்த்தேன். இது ஒண்ணு மிஞ்சிச்சான்னு எரிச்சலாத்தான் இருந்தது. எடுக்கலை.

2024 செப்டம்பர் 1, தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி வெளிச்சத்துல பார்முலா 4 கார் ரேஸ் நடந்தது ஞாபகம் இருக்கும். 3.5 கிலோமீட்டர் சாலை. முந்தின வருஷம் டிசம்பர்லயே நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால தள்ளிப் போச்சு. நானும் பொண்ணும் வீட்ல உக்காந்து பார்த்தோம். அவ கேட்டா, "அப்பா, உங்ககிட்ட ஒரு ரேஸ் கார் இருந்ததாமே, பாட்டி சொன்னாங்க." மறுநாள் ஸ்டூல் போட்டு அவளே இறக்கிட்டா.

17 வருஷம் கிடந்த ஆர்.சி. காரைத் திறந்தா என்ன இருக்கும்னு சொல்றேன், உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கலாம். டயர் கல்லு மாதிரி ஆகியிருந்தது. உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் தொட்டா மாவு. பழைய நிக்காட் பேட்டரி முனையில பச்சைப் பூஞ்சை மாதிரி உப்பு. அதைக் குப்பையில போடாதீங்க, உள்ளே இருக்கறது காட்மியம், விஷம். மின் கழிவு வாங்கறவங்ககிட்டதான் கொடுக்கணும். கியர்ல வெச்ச கிரீஸ் மெழுகா இறுகியிருந்தது. ஆனா 540 மோட்டார்? கார்பன் பிரஷ்ஷைத் துடைச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கரன்ட் கொடுத்தேன். சுத்திச்சு.

ரிமோட்ல எட்டுப் பென்சில் செல்லை எடுக்காமலே வெச்சிருக்கேன். கோபத்துல வெச்சா அப்படித்தான். எல்லாம் ஒழுகி, ஸ்பிரிங் மேல வெள்ளையாப் படிஞ்சிருந்தது. வினிகர் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சேன். சரி, கிரிஸ்டலும் துருப்பிடிச்சிருக்குமோன்னு பார்க்க மூடியைத் திறந்தேன்.

சிவப்பு.

கார்ல ரிசீவர் டப்பாவோட மூடி. ரெண்டு ஸ்க்ரூ. அதைக் கழட்டினேன். சிவப்பு.

மஞ்சள் ஜோடி எங்கேன்னு தேடினேன். பெட்டியோட அடியில ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர்ல இருந்தது. அப்போதான் ஞாபகம் வந்தது. அந்தச் சனிக்கிழமை ராத்திரி கார் நடுநடுவுல இழுக்குதுன்னு, கிரிஸ்டல் கோளாறான்னு பார்க்க, என்கிட்ட இருந்த எக்ஸ்ட்ரா சிவப்பு ஜோடியை மாட்டி டெஸ்ட் பண்ணேன். ஓடிச்சு. அப்படியே தூங்கிட்டேன். கிரிஸ்டல் மாறிடுச்சு, ரிப்பன் மாறலை. மறுநாள் அவன் "போடவா?"ன்னு கேட்டப்போ நான் ரிப்பனைப் பார்த்துத்தான் "போடு"ன்னு சொல்லியிருக்கேன்.

பொண்ணு பக்கத்துல இருந்தா. "என்னப்பா ஆச்சு?"ன்னா. "ஒண்ணுமில்லை, கலர் தப்பாப் போட்டிருக்கேன்"னேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

ஆவடி

மூணு வாரம் எடுத்தது அவனைப் பார்க்கப் போறதுக்கு. நம்பர் கிடைக்கறது கஷ்டமில்லை, பழைய ஐ.டி.ஐ. வாட்ஸ்அப் குரூப்ல இருந்தது. போன்ல சொல்லலாமான்னு யோசிச்சேன். போன்ல சொன்னா அது எனக்குச் சுலபமா முடிஞ்சிடும். ட்ரெயின் ஏறினேன், கொரட்டூர்ல இருந்து ஆவடி கொஞ்ச நேரம்தான். பாக்கெட்ல ரெண்டு சிவப்பு கிரிஸ்டல்.

வீட்டு வாசல்ல அவன் மனைவிதான் முதல்ல. "வாங்கண்ணா"ன்னாங்க. என்னை யாருன்னு தெரியாமலே. அவன் வந்தான், தலையில பாதி நரை. என்னைப் பார்த்து ரெண்டு செகண்ட் நின்னான்.

கிரிஸ்டலை டேபிள்ல வெச்சேன். "இது என் ரிமோட்லயும் ரிசீவர்லயும் இருந்தது. அன்னில இருந்து திறக்கவே இல்லை. தப்பு என்னுதுதான்டா."

அவன் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல பார்த்தான். "திறந்து பாருன்னுதானே சொன்னேன்"னான். கோபமாச் சொல்லலை. ஆனா லேசாவும் சொல்லலை. அந்த ஷெட் கைவிட்டுப் போனதுக்கப்புறம் அவன் நாலு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்திருக்கான். அதைச் சொன்னான். நான் கேட்டுக்கிட்டேன். பதில் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை.

கவர்ல 15,000 ரூபாய் கொண்டு போயிருந்தேன். வேணாம்னு சொல்லுவான், நான் வற்புறுத்துவேன், அப்புறம் ரெண்டு பேரும் சிரிப்போம், இப்படித்தான் ட்ரெயின்ல நினைச்சுக்கிட்டுப் போனேன். அவன் வாங்கி, எண்ணிப் பார்த்து, உள்ளே வெச்சுட்டு வந்தான். அது எனக்குப் பிடிச்சிருந்தது. கணக்கு கணக்காத்தான் இருக்கணும்.

கிளம்பறப்போ கேட்டான். "கார் ஓடுதா?"

பேட்டரி: பழைய பழக்கம்தான் எதிரி

ஓடுதான்னா, அப்போ ஓடலை. ஓட வெச்ச கதைதான் இனிமே. ரொம்ப நாள் கழிச்சுத் திரும்ப வர்றவங்களுக்கு இதுதான் உபயோகம்.

முதல்ல பேட்டரி. அந்தக் காலத்து நிக்காட் 7.2 வோல்ட். அதைச் சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி முழுசாக் காலி பண்ணணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. கார் பல்பை மாட்டி, பல்பு மங்கி அணையற வரைக்கும் விடுவோம். இப்போ இருக்கறது லிப்போ. ரெண்டு செல், 7.4 வோல்ட், முழு சார்ஜ்ல 8.4. இதைக் காலி பண்ணவே கூடாது. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போச்சுன்னா கெட்டுப் போகும். திரும்பச் சார்ஜ் போட்டா நெருப்புகூடப் பிடிக்கலாம். புது ஸ்பீட் கன்ட்ரோலர்ல ஒரு கட்-ஆஃப் இருக்கும், வோல்ட் குறைஞ்சதும் தானா நிறுத்தும். என் பழைய கன்ட்ரோலர்ல அது கிடையாது. நான் ரிச்சி தெருவுல லிப்போ வாங்கி, கனெக்டர் மாத்திச் சால்டர் வெச்சு, பழைய கன்ட்ரோலர்லயே மாட்டி, கார் நிக்கற வரைக்கும் ஓட்டினேன். நிக்காட் பழக்கம். மறுநாள் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. 2,000 ரூபாய்க்கு மேல போச்சு.

அதனால கேட்டுக்கோங்க. பழைய கார்ல லிப்போ போடணும்னா கட்-ஆஃப் இருக்கற கன்ட்ரோலர் மாத்துங்க. இல்லே, வோல்ட் குறைஞ்சா கத்தற சின்ன அலாரம் கிடைக்குது, அதைச் சொருகுங்க. சார்ஜரை பேலன்ஸ் மோட்ல வைங்க. டைல்ஸ் தரையில, நீங்க முழிச்சிருக்கறப்போ மட்டும் சார்ஜ் போடுங்க. ஒரு வாரம் ஓட்ட மாட்டீங்கன்னா செல்லுக்கு 3.8 வோல்ட்ல வெச்சிடுங்க, முழுசாவும் வேணாம், காலியாவும் வேணாம்.

பாகங்கள்: வாங்கறதா, கடையறதா

அடுத்து பாகம். இங்கே பொம்மைக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. சுங்கத்துறைப் பட்டியல்ல ஸ்கேல் மாடல்களும் பொம்மையும் ஒரே தலைப்புலதான். ரேஸ் கார் வாங்கறவன் கொடுக்கறது பொம்மை வரி. அதனால ஒரு முழுக் கிட் வாங்கறதுக்கு முன்னாடி, கையில இருக்கறதை எவ்வளவு காப்பாத்தலாம்னு பார்க்கறது லாபம்.

பேரிங் மாத்தணும்னா ஆர்.சி. கடையைத் தேடாதீங்க. பழைய கிட்ல சக்கரத்துக்குப் பிளாஸ்டிக் புஷ்தான் கொடுப்பாங்க, அதை எடுத்துட்டு பால் பேரிங் போடறது முதல் வேலை. இந்த மாதிரி டாமியா கார்கள்ல அதிகமா வர்ற அளவு உள்விட்டம் 5, வெளிவிட்டம் 11, தடிமன் 4 மில்லிமீட்டர். எம்.ஆர்.115ன்னு கேட்டா பாரீஸ்ல பேரிங் கடையிலேயே கிடைக்கும். சக்கரம் மாட்டற அறுகோணம் 12 மில்லிமீட்டர், பத்துல ஒண்ணு அளவு கார்களுக்கு இது பொது. நான் அலுமினியத்துல நானே கடைஞ்சேன். சஸ்பென்ஷன் ஆர்முக்கு மட்டும் ஒரு பையன்கிட்ட 3டி பிரின்ட் போட்டேன். முதல்ல போட்டது ரெண்டு லேப்ல உடைஞ்சது. அடுக்கு எந்தத் திசையில வருதோ அந்தத் திசையில பொளக்குது. படுக்க வெச்சு பிரின்ட் போட்டதும் தாங்குது.

ரேடியோ மட்டும் புதுசு, 2.4. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் வேலை செய்யுது, ஆனா திரும்ப அதை வெச்சு ஓட்ட மனசு வரலை.

கையும் கண்ணும்

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில ஏழெட்டுப் பேர் கூடறோம். ஆவடி, பட்டாபிராம், முகப்பேர்னு வர்றாங்க. ஒரு கம்பெனியோட பார்க்கிங் இடம், கேட்டு வாங்கினது. தோட்டத்துக்குத் தண்ணி விடற ஹோஸ் பைப்பைத் தரையில வளைச்சுப் போட்டா டிராக். ஒரு ரேஸ் 5 நிமிஷம். ஐந்து நிமிஷம்தானேன்னு தோணும். ஓட்டிப் பாருங்க, உள்ளங்கை வேர்த்துடும்.

முதல் நாள் நான் கடைசி. கடைசின்னா, எனக்கு முன்னாடி வந்தவன் ரிமோட்டைக் கீழே வெச்சுட்டுத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தான். 17 வருஷத்துல விரல் மறந்தது முக்கியமா ஒண்ணைத்தான். கார் நம்மைவிட்டுப் போறப்போ இடம் இடம்தான், வலம் வலம்தான். நம்மை நோக்கித் திரும்பி வர்றப்போ ரெண்டும் மாறும். ஓட்டிக்கிட்டே இருக்கறவனுக்கு அது தானா வரும். விட்டவன் ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும். யோசிக்கறதுக்குள்ள கார் பைப் மேல ஏறிடும்.

கண்ணும் மாறியிருக்கு. தூரத்துல ஓடற கார் நல்லாத் தெரியுது, கையில வெச்சிருக்கற 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூ தெரியலை. வெள்ளெழுத்து. இப்போ டூல் பாக்ஸ்ல கண்ணாடியும் ஒரு டூல்.

பிரஷ்லெஸ் மோட்டார் ஒண்ணு இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பழைய 540 மோட்டார் மாட்டுவண்டின்னா இது ராக்கெட். ரெண்டு மூணு இடிச்சதும் ஒரு பதினாலு வயசுப் பையன் வந்தான். "அங்கிள், ரிமோட்ல த்ராட்டிலை 60 சதவீதத்துக்குக் குறைச்சுக்கோங்க. இடிக்காம ஓட்டறவன்தான் ஜெயிக்கறான்"னான். குறைச்சேன். அஞ்சு நிமிஷத்துல ஒன்பது தடவை இடிச்சவன் ரெண்டு தடவைதான் இடிச்சேன். லேப் கணக்கும் கூடிச்சு. அடுத்த வாரம் பழைய 540யையே திரும்ப மாட்டிட்டேன். இன்னும் அதுலதான் ஓட்டறேன்.

இந்த விளையாட்டுல எனக்கு இப்போ ரொம்பப் பிடிச்சது மார்ஷல் முறை. உலகத்துல எங்கே ஆர்.சி. ரேஸ் நடந்தாலும் உண்டு. உங்க ரேஸ் முடிஞ்சதும் நீங்க வீட்டுக்குப் போக முடியாது. ரிமோட்டை வெச்சுட்டு, டிராக் ஓரமா நிக்கணும். அடுத்த ரேஸ்ல யாரோட கார் கவிழ்ந்தாலும் ஓடிப்போய் நிமிர்த்தி வைக்கணும். உங்களை இடிச்சுத் தள்ளினவனோட காரா இருந்தாலும். அதையும் கையை ஆட்டித் திட்டிக்கிட்டு வைக்கக் கூடாது.

இப்போ

அவன் வந்தானான்னு கேப்பீங்க. வந்தான். டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. கார் எதுவும் கொண்டு வரலை, அவன் கார் எப்பவோ வித்தாச்சு. என் ரிமோட்டை வாங்கி ஓட்டினான். அவன் கை மறக்கலை, கடன்காரன், மூணே சுத்துல பிடிச்சிட்டான். அப்புறம் ஜனவரியில ஒரு தடவை. அதுக்கப்புறம் வரலை. போன் பண்ணா எடுக்கறான், பேசறோம். பட்டறை பத்தி ரெண்டு பேருமே பேசறதில்லை. பழையபடி ஆயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆகலை. வந்தா ஓட்டட்டும்னு பேட்டரி எப்பவும் ஒண்ணு சேர்த்துத்தான் சார்ஜ் போடறேன்.

திரும்ப வர நினைக்கறவங்களுக்கு என் பங்குக்கு மூணே விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ஒண்ணு, புதுசு வாங்கறதுக்கு முன்னாடி பழைய பெட்டியைத் திறங்க. பாதிக்கு மேல பொழைக்கும். ரெண்டு, முதல் மூணு மாசம் மெதுவான மோட்டார்ல ஓட்டுங்க. விரல் திரும்பினதுக்கு அப்புறம் வேகம் வாங்கிக்கலாம். மூணு, யாராவது உங்களை "திறந்து பாரு"ன்னு சொன்னா, அந்த நிமிஷமே ரெண்டு ஸ்க்ரூ கழட்டிப் பாருங்க. ஒரு நிமிஷ வேலை.

மஞ்சள் ரிப்பன் இன்னும் அந்தப் பழைய ஆன்டெனாவுல இருக்கு. பொண்ணு அவிழ்க்கட்டுமான்னு கேட்டா, இருக்கட்டும்னுட்டேன். சிவப்பு கிரிஸ்டல் ரெண்டும் ஆவடியில அவன் வீட்லயே இருக்கு. திருப்பிக் கேக்கலை.

உங்க வீட்டு லாஃப்ட்லயும் இந்த மாதிரி ஒரு பெட்டி இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை இறக்கிப் பாருங்க.